சொல் தெரிந்தும் பொருள் புரியாத ஆங்கிலம்

நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலச் சொற்களை நிறையவே மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இலக்கணமும் ஓரளவு தெரியும். ஆனாலும் நேர்முகத் தேர்விலும் அலுவலகத்திலும் தடுமாறுகிறார்கள். இதற்கு ஒரு முக்கியக் காரணம், 'இடியம்' எனப்படும் மரபுத்தொடர்கள். இவற்றில் ஒவ்வொரு சொல்லின் பொருளும் தெரிந்திருந்தாலும் முழுத்தொடரின் பொருள் வேறாக இருக்கும்.

இது நமக்குப் புதிதல்ல. 'அவனுக்குக் கை நீளம்' என்றால் நாம் யாரும் கையை அளந்து பார்ப்பதில்லை. திருடுவான் என்று உடனே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'அண்டர் தி வெதர்' என்றால் உடம்புக்கு முடியவில்லை என்று பொருள். வானிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'கால் இட் எ டே' என்றால் இன்றைய வேலையை இத்தோடு முடித்துக்கொள்வோம் என்று பொருள்.

சில தொடர்களைத் தவறாகப் புரிந்துகொண்டால் இழப்பும் நேரலாம். வெளிநாட்டில் பணிபுரியும் ஒருவரிடம் மேலாளர் 'வீ ஹேவ் டு லெட் யூ கோ' என்கிறார். வீட்டுக்குப் போக அனுமதி தருகிறார் என்று நினைத்து, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. வேலையிலிருந்து நீக்குகிறோம் என்பதைத்தான் அவர் நயமாகச் சொல்கிறார். நோட்டீஸ் காலம், பாக்கிச் சம்பளம் பற்றி அப்போதே கேட்டுத் தெளிவுபெற வேண்டும்.

பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, இடமும் அறிந்து பேச வேண்டும். 'கிக் தி பக்கெட்' என்பதற்கு இறந்துபோதல் என்று பொருள். ஆனால் அது கேலிப் பேச்சு. ஒருவரின் தந்தை மறைவுக்கு அனுதாபம் தெரிவிக்கும்போது அதைப் பயன்படுத்தினால் மனம் புண்படும். அங்கே 'பாஸ்டு அவே' என்பதே பொருத்தம்.

எப்படிக் கற்பது? நூறு தொடர்களைப் பட்டியலிட்டு உருப்போடுவதில் பயனில்லை. நாளைக்கு ஒன்று போதும். தொடரை முழுமையாக எழுதி, அதன் கீழே பொருளையும், யாரிடம் எப்போது சொல்லலாம் என்பதையும், சொந்தமாக ஒரு வாக்கியத்தையும் எழுதட்டும். மாணவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில், முக்கியச் சொல்லின் விளக்கத்தை அடுத்து அதன் மரபுத்தொடர்கள் தனியாகத் தரப்பட்டிருக்கும். அதைப் பார்க்கப் பழக்குங்கள்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதில் உதவலாம். 'இதை நம் பேச்சில் எப்படிச் சொல்வோம்?' என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஆங்கிலேயர் ஒரு கல்லில் இரண்டு பறவைகளை வீழ்த்துகிறார்கள். நாம் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். நிலக்கரிக்குப் பெயர்போன நியூகாசிலுக்கே நிலக்கரி கொண்டுபோவதாக அவர்கள் சொல்வதை, நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்கிறோம். இப்படி ஒப்பிட்டுக் கற்றது எளிதில் மறக்காது. இன்றிரவு உணவின்போதே ஒரு தொடரில் தொடங்குவோம்.