பணிகளை வகுத்தலும் தொடுத்தலும்

கல்லூரி ஆண்டுமலர் ஒன்றை வெளியிடுவதென மாணவர் குழுவொன்று தீர்மானித்துவிட்டதென வைத்துக்கொள்வோம். உடனே ஒருவர் தாளெடுத்து எழுதத் தொடங்குவார்: கட்டுரை சேர்த்தல், படம் சேர்த்தல், விளம்பரம், மேலட்டை, அச்சகம், வாழ்த்துரை. எது எதனுள் அடங்கும், எது எதன்பின் வரும் என்பன அத்தாளிற் புலப்படா. ஈற்றில் நிகழ்வதை யாவரும் அறிவர். பொறுப்புணர்ந்த ஒரு பிள்ளையின் தலையிலே முழுச் சுமையும் வீழ்கின்றது. பரீட்சை நெருங்கும் வேளையில் அப்பிள்ளை நித்திரை விழித்து அச்சுப்படி திருத்துகின்றது.

இந்நிலையை மாற்றுதற்குச் செயற்றிட்ட முகாமை மென்பொருள்கள் துணைபுரிவன. மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் விலைகொடுத்துப் பெறவேண்டியது. காண்ட்புரொஜெக்ட், புரொஜெக்ட்லிப்ரே என்பன இலவசமாகக் கிடைப்பன. பணிகளை வரிவரியாக எழுதி, ஒரு வரியை வலப்புறமாக ஒரு படி உள்ளே தள்ளினால் அது மேல்வரியின் உட்பணியாகின்றது. மேல்வரி தலைப்புப் பணியாகின்றது. தலைப்பை மூடினால் உட்பணிகள் மறையும். திறந்தால் மீண்டும் தோன்றும்.

இத்தகைய வித்தையை டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற கணினி மாநாட்டிற் செய்துகாட்டினார். அவர் காட்டிய உதாரணங்களுள் ஒன்று கடையில் வாங்கவேண்டிய சாமான் பட்டியல்! நூலை 3 அதிகாரமாகவும் அதிகாரம் ஒவ்வொன்றையும் 9 இயலாகவும் வகுத்த தொல்காப்பியத்தைக் கற்ற நமக்கு இவ்வகுப்புமுறை புதிதன்று.

ஆயின் ஒன்றை மாணவர் கவனித்தல் வேண்டும். வகுத்தல் வேறு, தொடுத்தல் வேறு. ‘உள்ளடக்கம்’ என்னும் தலைப்பின்கீழ், கட்டுரை சேர்த்தலுக்கு 10 வேலைநாளும் படம் சேர்த்தலுக்கு 6 வேலைநாளும் குறித்து, இரண்டும் ஒரே திங்களன்று தொடங்குமெனக் கொள்வோம். தலைப்பின் காலம் 16 நாளாகாது, 10 நாளேயாம். முந்திய தொடக்கத்துக்கும் பிந்திய முடிவுக்கும் இடைப்பட்ட காலத்தையே மென்பொருள் கணிக்கின்றது. கட்டுரைகள் வந்தபின்னரே படங்களைத் தெரியமுடியுமாயின், அவ்விரண்டையும் தனியே இணைத்தல் வேண்டும். அப்போதுதான் காலம் 16 நாளாகி, நான்காம் வாரத் திங்களுக்குச் செல்லும். உள்ளே தள்ளியமையால் ஒழுங்குமுறை தானாக வந்துவிடாது.

மூடிய தலைப்பு கண்ணுக்கு அழகியது. ஆனால் ஏமாற்றவும் வல்லது. கட்டுரை முழுவதும் சேர்ந்து, படவேலை தொடங்காதிருப்பினும், மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் அத்தலைப்பில் ஏறக்குறைய 63 வீதம் முடிந்ததெனக் காட்டும். குழு கூடும்போதெல்லாம் தலைப்புகளைத் திறந்தே பார்த்தல் நன்று.

எத்துணை நுணுக்கமாகப் பிரிப்பது? ஆண்டுமலருக்கு மூன்று படிகள் போதுமென்பது நமது எண்ணம். கடைசிப் படியிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் ஓராளின் பெயர் இருத்தல் வேண்டும். ‘ஆசிரியர் குழு’ என்று எழுதிய வரியை எவரும் செய்யார். பெயர்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், ஒரே பிள்ளையின் பெயர் பதினைந்து வரிகளில் நிற்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், அன்றே பகிர்ந்துகொடுக்கலாம்.

இன்னுமொன்று. மைக்ரோசொப்ட் புரொஜெக்டின் பொது நாட்காட்டி சனி, ஞாயிறை மாத்திரமே விடுமுறையாகக் கொள்ளும். போயா தினங்களையும் தைப்பொங்கலையும் நாமே அதிற் பதிதல் வேண்டும். இன்றேல், அச்சகம் பூட்டியிருக்கும் நாளில் மலர் அச்சாகுமென அது திகதி குறித்துவிடும்.