மடக்குக் கமராவும் மறையாத முகங்களும்

பழம்பொருள் சேர்ப்போர் இரு திறத்தினர். ஒரு சாரார் அவற்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்து அழகு பார்ப்பர். மறு சாரார் அவற்றிடம் வேலை வாங்குவர். மடக்குக் கமராக்களைப் பொறுத்தவரை நான் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவன்.

மூடினால் சிறு நூல்போல் கையில் அடங்குவது இக்கருவி. திறந்தாலோ, துருத்தி விரிய, வில்லை முன்வந்து நிற்கும். 1901இல் கொடாக் நிறுவனம் வெளியிட்ட 120 இலக்கச் சுருள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றது. ஆகவே, எழுபது ஆண்டு கடந்த ஜெர்மானிய இக்கொன்ராவும் இன்று படம் பிடிக்கும். ஆறுக்கு ஒன்பது சென்ரிமீற்றர் அளவில் ஒரு சுருளுக்கு எட்டே படங்கள். எண்ணிப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

இக்கருவியின் வரலாற்றில் தமிழகத் தொடர்பும் ஒன்றுண்டு. நெய்யூர் மருத்துவமனையில் நெடுங்காலம் தொண்டாற்றிய மருத்துவர் சோமர்வெல், 1924இல் எவரெஸ்ற் மலையில் தமது மடக்குக் கமராவை மலோரிக்கு இரவல் கொடுத்தார். மலோரி மீளவில்லை. 1999இல் அவரது உடல் கண்டெடுக்கப்பட்டபோது கமரா உடனிருக்கவில்லை. அவர் சிகரத்தை எட்டினாரா என்ற வினாவுக்கு விடை அச்சுருளில் இருக்கலாம் என்றே மலையேறுவோர் இன்றும் அதனைத் தேடுகின்றனர். கழுவப்படாத சுருளுக்கு அத்துணை மதிப்பு!

வாகரைக்கு வடக்கேயுள்ள கதிரவெளியில் இம்மதிப்பு வேறொரு வகையில் புலனாகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கிற்று. உயிர்களோடு, சுவரில் தொங்கிய படங்களும் போயின. தாயின் முகத்தைக் காட்ட ஒரு படமேனும் இல்லாதவர்களை நான் அறிவேன். இங்கே படம் எடுத்தால் அச்சுப்பிரதியை உரியவரிடம் கொடுத்து, மூலச்சுருளை வேறூரில் பாதுகாக்கின்றேன்.

உப்புக்காற்று கருவியையும் விடுவதில்லை. வில்லையில் பூஞ்சணம் படரும். துருத்தியின் மடிப்பு வெடிக்கும். இருட்டறையில் துருத்தியினுள் சிறு மின்விளக்கை வைத்தால் ஊசித்துளைகள் விண்மீன்களெனத் தெரியும். கறுப்புப் பூச்சினால் அவற்றை அடைக்கலாம்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இத்தகைய கமரா கிடந்தால் அவசரப்பட்டுப் பின்மூடியைத் திறவாதீர்கள். முதுகிலுள்ள சிவப்புச் சாளரத்தை முதலில் நோக்குங்கள். அங்கே இலக்கம் தெரிந்தால் உள்ளே சுருள் இருக்கின்றது என்பது பொருள். முடியுமட்டும் அதனைச் சுற்றி, வெயில் படாமல் எடுத்து, சுருள் கழுவத் தெரிந்தவரிடம் சேர்ப்பியுங்கள். யாரோ ஒருவர் காணத் தவிக்கும் முகம் அதில் உறங்கலாம்.