சுவரில் ஒட்டிய லட்சுமி

2012-ல் செம்பூர் வீட்டுக் கிருகப்பிரவேசத்தின்போது, மொய்யாக வந்ததில் 11 ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து மயில் தோகை போல மடித்து, கனத்த அட்டையில் கோந்து தடவி ஒட்டினார் என் மாமியார். நடுவில் கஜலட்சுமி படம். கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூஜை அலமாரிக்கு மேலே மாட்டினோம். பார்க்காமல் போனவர்கள் கிடையாது.

2016 நவம்பர் 8 இரவு அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. பாங்கில் கட்ட டிசம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. "லட்சுமியைப் பிச்செடுத்துண்டு போய் யாராவது பாங்குல கட்டுவாளோ?" என்றார் மாமியார். நானும் வற்புறுத்தவில்லை. ரூ.5,500 சுவரோடு போயிற்று.

அதோடு விட்டதா? செல்லாத அந்த நோட்டுகளைச் சாதாரணமாக ஒருவர் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2017-ல் சட்டம் வந்தது. மீறினால் பத்தாயிரம் ரூபாய், அல்லது முகமதிப்பைப்போல் ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம். எங்கள் கணக்குக்கு 27,500! தோகையிலிருந்து ஒன்றைப் பிரித்தேன். கோந்து விடவில்லை, நோட்டு கிழிந்தே வந்தது. அன்று முழுவதும் மாமியார் என்னோடு பேசவில்லை.

கொலுவுக்கும் கல்யாண சீர்த்தட்டுக்கும் நோட்டு அலங்காரம் செய்யும் நம் சங்கத்துப் பெண்களுக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். நோட்டு பருத்தி இழையால் ஆன தாள். பசையை உறிஞ்சிக்கொண்டால் பிறகு உரிக்க வராது. கிழிந்த நோட்டை பாங்கில் மாற்றலாம். ஆனால் 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், கிழிந்ததில் பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் முழுப் பணம். 40 முதல் 80 வரை பாதி. அதற்கும் குறைந்தால் ஒன்றுமில்லை. நோட்டில் மாலை கட்டாதீர்கள், பந்தலை அலங்கரிக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே வேண்டுகோள் விடுத்திருக்கிறது. ஆசையாக இருந்தால் ஆல்பத்துக்கு வாங்கும் பிளாஸ்டிக் உறையில் செருகுங்கள். ஊசியும் நூலும் ஸ்டேப்ளரும் வேண்டாம்.

காசு விஷயம் இன்னும் கடுமை. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி செல்லும் காசை வெட்டுவதும் உருக்குவதும் சிதைப்பதும் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை. மாலைக்காகத் துளை போடுவதும் வம்பை விலைக்கு வாங்குவதுதான். வேடிக்கை என்னவென்றால், ஒரு ரூபாய்த் தாள் நோட்டையும் அந்தச் சட்டம் நாணயம் என்றே கொள்கிறது!

தொங்கவிட ஆசைப்பட்டால் பாட்டி பெட்டியில் ஓட்டைக் காலணா இருக்கிறதா என்று தேடுங்கள். 1943 முதல் 1947 வரை அடித்தது. நடுவில் துளை அரசாங்கமே போட்டுக் கொடுத்தது. அலுமினியத்தில் வந்த பழைய ஐந்து பைசா, பத்து பைசாவும் அழகு. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-லிருந்து செல்லாதவை. அலுமினியத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும்.

பசையில்லாமல் இன்னொரு வழி உண்டு. எவர்சில்வர் ஒரு ரூபாய்க் காசைக் காந்தம் இழுக்கும். சென்ற நவராத்திரிக்கு அட்டையின் பின்புறம் காந்தப் பட்டை ஒட்டி, முன்பக்கம் 108 காசுகளைத் தாமரையாக அடுக்கினோம். விஜயதசமிக்கு மறுநாள் மாமியாரே ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார். 107 இருந்தது. மீதி ஒன்று சோபாவுக்கு அடியில் கிடைத்தது.