குமிழைத் தொடவில்லை, சத்தம் கூடியது எப்படி?

வீட்டில் எல்லோரும் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் போதவில்லை. குமிழைத் திருகிக் கூட்டி வைக்கிறார்கள். நிகழ்ச்சி முடிகிறது. ஒருவர் எழுந்து சி.டி. தட்டைப் போடுகிறார்.

அவ்வளவுதான்! வீடே அதிர்கிறது. தொட்டிலில் தூங்கிய குழந்தை வீறிட்டு அழுகிறது.

குமிழை யாரும் தொடவில்லை. பிறகு சத்தம் எப்படிக் கூடியது?

தண்ணீர்க் குழாய்

உயரமான தொட்டியிலிருந்து வரும் குழாயைப் பாதி திறந்தாலும் தண்ணீர் பீறிட்டு வரும். தாழ்ந்த தொட்டி என்றால், அதே அளவு திறந்தாலும் மெதுவாகத்தான் வரும். பாட்டுப் பெட்டியின் கதையும் இதுதான்.

சத்தத்தைப் பெருக்கும் கருவிக்கு ஆம்பிளிபயர் என்று பெயர். குறைந்த மின்சாரம் வந்தால் குறைந்த சத்தம்; கூடுதலாக வந்தால் கூடுதல் சத்தம்.

சி.டி. கருவி, மிக உரத்த இடத்தில் சுமார் 2 வோல்ட் மின்சாரம் அனுப்பும். பல ரேடியோ, கேசட் கருவிகள் அனுப்புவது சுமார் அரை வோல்ட்தான். 4 மடங்கு வித்தியாசம்! காதுக்கு இது இரண்டு மடங்குக்குச் சற்று மேலான சத்தமாகத் தோன்றும்.

முள்ளின் மெல்லிய குரல்

இசைத்தட்டின் சங்கதி வேறு. காந்தமும் கம்பிச் சுருளும் உள்ள முள் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். சி.டி. தருவதில் 400-ல் ஒரு பங்கு!

அதனால் இதைப் பெருக்க ஆம்பிளிபயரில் தனிப் பகுதி உண்டு. இசைத்தட்டில் கனத்த ஓசையைக் குறைத்தும், கீச்சு ஓசையைக் கூட்டியும் பதிவு செய்வார்கள். 1954-ல் அமெரிக்காவில் இதற்கு ஓர் அளவு வகுத்தார்கள். அதைத் திரும்பச் சரி செய்வதும் இந்தப் பகுதிதான்.

இந்தத் துளையில் சி.டி. கருவியைச் செருகினால் பாட்டு அலறிச் சிதையும். முள்ளின் கம்பியை சி.டி. துளையில் செருகினால் பாட்டு ஈனமாக முனகும்.

கடையில் ஏமாறாதீர்கள்!

இரண்டு கருவிகளை மாற்றி மாற்றிக் கேட்டால், சற்று உரக்கப் பாடுவதே நல்லதாகத் தோன்றும். அது காதின் மயக்கம். இரண்டின் சத்தத்தையும் சமமாக வைத்துக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

காது பத்திரம்

திடீர் அலறலால் ஸ்பீக்கர் கெட்டால் வேறு வாங்கலாம். காது கெட்டால்? 80 டெசிபல் சத்தத்தைப் பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

சில ஆம்பிளிபயர்களில் ஒவ்வொரு கருவியின் அளவையும் தனித்தனியே சமப்படுத்தும் வசதி உண்டு. ஒருமுறை சரி செய்தால் போதும். அந்த வசதி இல்லாத வீட்டில் ஒரு பழக்கம் போதும்:

முதலில் குமிழைக் குறையுங்கள். பிறகு பாட்டை மாற்றுங்கள்!