யார் பெயரில் இருக்கிறது கடை?

சென்னையிலும் கோவையிலும் 2008 வாக்கில், பேக்கரிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் மேலே முதல் மாடியில் ‘வெப் சொல்யூஷன்ஸ்’ என்று பலகை மாட்டிய சின்ன அலுவலகங்கள் நிறைய இருந்தன. அமெரிக்கப் பொருளாதாரம் ஆட்டம் கண்டு, இங்கே ஐ.டி. கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் குறைத்திருந்த நேரம் அது. கேம்பஸில் வேலை கிடைக்காத பி.இ. பெண்களும், ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு டீச்சர் வேலைக்குப் போக மனமில்லாத பெண்களும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ‘எஸ்.இ.ஓ. எக்ஸிகியூட்டிவ்’, ‘கன்டென்ட் ரைட்டர்’ என்று பதவி. சொந்தக்காரர்கள் கேட்டால் “கம்ப்யூட்டர் வேலை” என்பதோடு சரி.

டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் இன்று சொந்தமாக ஏஜென்சி நடத்தும் பெண்கள் பலருடைய பாதை அப்படியொரு மாடிப்படியில்தான் தொடங்கியது. அவர்களுக்குப் பின்னால் இன்னொரு தலைமுறையும் வந்துவிட்டது. எந்த அலுவலகத்திலும் வேலை பார்க்காமல், கையில் போனோடு நேராகக் கடை விரித்தவர்கள் அவர்கள். இந்தத் தொழிலில் பெண்களுக்கு அன்று முதல் இன்று வரை என்ன மாறியிருக்கிறது என்பதை அளக்க எனக்கு ஒரு கேள்வி போதும். உழைப்பு அவருடையது, சரி. கடை யார் பெயரில் இருக்கிறது?

லிங்க் போட்ட காலம்

அன்றைய வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். டெக்சாஸில் இருக்கும் ஒரு பல் மருத்துவரின் வெப்சைட் கூகுளில் முதல் பக்கத்துக்கு வர வேண்டும். அதற்கு மற்ற தளங்களிலிருந்து ஏராளமான லிங்க் வேண்டும். எக்செல் ஷீட்டில் டைரக்டரி தளங்களின் முகவரி வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து, பெயர், விவரம், கீவேர்டு எல்லாம் நிரப்பி, கோணல்மாணலாகத் தெரியும் கேப்ச்சா எழுத்துகளை அடித்து, ‘சப்மிட்’ கொடுத்துவிட்டு, ஷீட்டில் அந்த வரியைப் பச்சையாக்க வேண்டும். மதியத்துக்கு மேல் ‘ஸ்பின்னிங்’. ஒரே கட்டுரையை வார்த்தை மாற்றி வார்த்தை மாற்றிப் பல கட்டுரைகளாக்குவது. இப்படி ஒரு பெண் தனக்காக உழைப்பது அந்த டாக்டருக்குத் தெரியாது. நடுவில் ஓர் அமெரிக்க ஏஜென்சி இருக்கும். ரிப்போர்ட் அதன் பெயரில்தான் போகும்.

2011 பிப்ரவரியில் கூகுள் ‘பாண்டா’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, சாரமில்லாத கட்டுரைகளால் நிரம்பிய தளங்களைக் கீழே இறக்கியது. 2012 ஏப்ரலில் வந்த ‘பெங்குவின்’, செயற்கையாகக் குவித்த லிங்க்குகளைக் குறிவைத்தது. பச்சையாக்கிய வரிகளே பாரமாகிவிட்டன. லிங்க் போட்ட அதே கைகள், “தயவுசெய்து இந்த லிங்க்கை நீக்கிவிடுங்கள்” என்று தளம் தளமாக மெயில் அனுப்ப வேண்டி வந்தது. பல அலுவலகங்கள் அந்த அடியில் மூடப்பட்டன.

அந்த அடி ஒரு வகையில் நல்லதாகவும் அமைந்தது. உருப்படியாக எழுதத் தெரிந்தவர்களுக்கும், வாடிக்கையாளரின் தொழிலைப் புரிந்துகொண்டு பேசத் தெரிந்தவர்களுக்கும் அப்போதுதான் மதிப்பு வந்தது. அவர்களில் சிலர் ஈலான்ஸ், ஓடெஸ்க் போன்ற தளங்களில் சொந்தப் பெயரில் கணக்குத் திறந்து, வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் நேரடியாக வேலை எடுத்தார்கள். அந்த இரண்டு நிறுவனங்களும் இணைந்து 2015-ல் அப்வொர்க் ஆயின. தன் பெயர், தன் படம், தன் வேலைக்கு வாடிக்கையாளர் கொடுத்த நட்சத்திரம் என்று ஒரு பெண் தன்னைத் தானே முன்வைத்துச் சம்பாதித்த முதல் இடம் பலருக்கு அதுதான்.

இன்று தொழில் கற்கத் தடையே இல்லை. கூகுளே இலவசமாகப் பாடம் நடத்திச் சான்றிதழ் தருகிறது. யூடியூபில் தமிழிலேயே எல்லாம் கிடைக்கிறது. 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவிகளுக்குப் பாடத்தோடு சேர்த்துத் தொழில்திறன்களைக் கற்றுத்தருகிறது. ஆனால் சான்றிதழ் எல்லோர் கையிலும் இருப்பதால், “இதுவரை யாருக்கு விளம்பரம் ஓட்டியிருக்கீங்க, என்ன ரிசல்ட் வந்தது?” என்பதுதான் இன்றைய நேர்காணலின் முதல் கேள்வி.

கண்காட்சி ஸ்டாலிலிருந்து ரீல்ஸுக்கு

லிங்க் போட்ட அதே காலத்தில் பொருள் விற்ற பெண்களின் நிலைமை வேறு. சுயஉதவிக் குழுப் பெண்கள் ஊறுகாய், சணல் பை, சுங்குடிச் சேலை என்று செய்ததை மூட்டை கட்டிக்கொண்டு கண்காட்சிகளுக்குப் போனார்கள். மாவட்டத் தலைநகரங்களில் பூமாலை வணிக வளாகம், சென்னை நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகம் என்று அரசு இடம் கொடுத்தது. அங்கே வருகிறவர் வாங்கினால்தான் விற்பனை. விளம்பரம் என்றால் பேப்பர் போடும் பையனிடம் கொடுத்து நாளிதழுக்குள் நோட்டீஸ் வைப்பது, லோக்கல் கேபிளில் ஓடும் எழுத்து, அதற்கு மேல் அக்கம்பக்கத்தார் வாய்.

இணையம் அவர்களுக்கு எட்டாததற்கு மொழியும் ஒரு காரணம். ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தமிழ் இன்னொன்றில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் அது. இணைய விளம்பர உலகம் ஆங்கிலத்தில் இயங்கியது. கூகுள் தன் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவையில் தமிழைச் சேர்த்ததே 2018-ல்தான். இந்தியும் வங்காளமும் முன்பே இடம் பிடித்திருந்தன. அதற்கு முன்னால் தமிழில் எழுதிச் சம்பாதிக்க நினைத்தவருக்கு அந்த வாசல் முறையாகத் திறக்கவில்லை.

2016-ல் ஏப்ரலில் யுபிஐ, செப்டம்பரில் ஜியோ. 2018 ஜனவரியில் வாட்ஸப் பிசினஸ். இந்த மூன்றும் சேர்ந்து செய்த மாற்றத்தை வேறெந்தத் திட்டமும் செய்யவில்லை என்பேன். டேட்டா மலிவானது, காசு போனிலேயே வந்தது, கேட்லாக்கும் போனுக்குள் அடங்கியது.

சேலம் பக்கத்து இளம்பிள்ளைச் சேலையை இன்று ஒரு பெண் வீட்டு ஹாலிலிருந்து விற்கும் விதத்தைப் பாருங்கள். டிரைபாடில் போன், எதிரே ரிங் லைட். முந்தியை விரித்துக் காட்டி, பார்டரை உள்ளங்கையில் ஏந்திக் கேமரா பக்கம் நீட்டி, “கலர் லைட்டிங்ல கொஞ்சம் மாறலாம்மா, நேர்ல இதைவிட ஒரு ஷேடு டார்க்கா இருக்கும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ‘சிங்கிள்ஸ் கிடைக்கும், ரீசெல்லர்ஸ் வரலாம், சிஓடி இல்லை, பார்சல் பிரிக்கும் வீடியோ இருந்தால் மட்டுமே ரிட்டர்ன்’ என்று கீழே எழுத்து ஓடுகிறது. பிடித்தவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார். ஜிபேயில் பணம் வருகிறது. மறுநாள் கொரியர் ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் வியாபாரம் முடிந்தது. நிறம் மாறித் தெரியும் என்று முதலிலேயே சொன்ன அந்த ஒரு வரிதான் வாங்கியவரைத் திரும்ப வரவைக்கிறது. எந்தக் கோர்ஸும் அதைச் சொல்லித்தரவில்லை. சேலைக் கடையில் நின்று வாங்கிப் பழகியவருக்கு அது தானாக வருகிறது. அன்று குறையாக நினைத்த சேலத்துப் பேச்சு இன்று அவருடைய பலம்.

கார்டு யாருடையது?

2010 வாக்கில் கூகுளிலோ ஃபேஸ்புக்கிலோ ஒரு விளம்பரம் ஓட்ட பெரும்பாலும் கிரெடிட் கார்டு வேண்டும். பல வீடுகளில் கார்டு கணவர் பெயரில் அல்லது அப்பா பெயரில் இருந்தது. ஆகவே விளம்பரக் கணக்கும் அவர் பெயரில், பில்லும் அவர் பெயரில். எவ்வளவு செலவழித்தோம், எவ்வளவு வந்தது என்பதை அந்தப் பெண் இன்னொருவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று யுபிஐயில் சில நூறு ரூபாய் ஏற்றி ஒரு பதிவை ‘பூஸ்ட்’ செய்ய யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதோடு பொறுப்புகளும் கூடியிருக்கின்றன. விளம்பரச் செலவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பெரும்பாலான பொருள்களை வெளி மாநிலத்துக்கு விற்க, விற்பனை சிறிதானாலும் ஜிஎஸ்டி பதிவு தேவை. வீட்டில் செய்யும் பொடிக்கும் ஊறுகாய்க்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். சோப்பும் முகப்பூச்சும் செய்து விற்க அழகுசாதனப் பொருளுக்கான உரிமம் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு இன்னொருவர் பொருளைப் புகழ்ந்தால் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என 2021-ல் விளம்பரத் தரக் கவுன்சில் விதி வகுத்தது. “நான் சும்மா வீட்ல இருந்து பண்றேன்” என்று சொல்லி இவற்றை ஒதுக்குகிறவர்கள்தான் முதல் புகாரிலேயே தடுமாறுகிறார்கள்.

மாறாத வீடு

அன்று கல்யாணத்தோடோ முதல் குழந்தையோடோ பல பெண்களின் வேலை நின்றது. பத்துப் பேர்கூட இல்லாத அந்த மாடி அலுவலகங்களில் பேறுகால விடுப்பு என்ற பேச்சே கிடையாது. வீட்டிலிருந்து வேலை கேட்டால் வாடிக்கையாளர் தயங்குவார். 2020-க்குப் பிறகு அந்தத் தயக்கம் போய்விட்டது. ஈரோட்டிலிருந்து ஒருவர், நாகர்கோவிலிலிருந்து ஒருவர் என்று பல ஊர்ப் பெண்களைச் சேர்த்து, அலுவலகமே இல்லாமல் ஏஜென்சி நடத்த முடிகிறது. இது பெரிய மாற்றம்.

வீட்டு வேலைக் கணக்கு மட்டும் அசையவில்லை. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 2019-ல் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷம் அதற்குச் செலவழித்தார்கள். ஆண்கள் 97 நிமிஷம். 2024 ஆய்வில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்ணுக்குக் குறைந்தது பத்து நிமிஷம். ஆணுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு குறைந்திருக்கிறது. ஆகவே இன்றைய தொழில்முனைவோர் குக்கர் விசிலுக்கு நடுவே ஆர்டர் எடுக்கிறார், பிள்ளைகள் தூங்கிய பிறகு ரீல்ஸ் எடிட் செய்கிறார். இரவு பதினொரு மணிக்கு “பிரைஸ் ப்ளீஸ்” என்று வரும் மெசேஜுக்கும், சேலையைப் பற்றிக் கேட்காமல் வேறெதையோ கேட்டு வரும் மெசேஜுக்கும் அவரேதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை அவருடைய திறமைக்குச் சான்றாகக் காட்டிப் பாராட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டிலுள்ளவர்கள் பங்கெடுக்காததற்கு அவர் கொடுக்கும் விலை அது.

இடம் வாடகைக்குத்தான்

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. பாதுகாப்புக் காரணம் சரியோ தவறோ, அங்கே வருஷக்கணக்கில் சேர்த்த ரசிகர்கள் ஒரே இரவில் போனார்கள். 2021 அக்டோபர் 4 அன்று இந்திய நேரம் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் நின்றன. நவராத்திரி, தீபாவளி ஆர்டர் குவியும் பருவம் அது. அந்த நேரத்தில் புது ஆர்டரும் வரவில்லை, வந்த ஆர்டருக்கு அங்கே பதில் அனுப்பவும் வழியில்லை. இப்போது கூகுளே தேடலுக்கு நேரடியாக ஏஐ பதில் தருவதால், கட்டுரை எழுதித் தளத்துக்கு ஆள் வரவழைத்தவர்களின் பிழைப்பு அடிவாங்குகிறது. பாண்டா வந்தபோது அந்த மாடி அலுவலகங்களுக்கு நடந்தது வேறு உருவில் திரும்ப நடக்கிறது. வாடகை வீட்டில் எவ்வளவு செலவு செய்து டைல்ஸ் ஒட்டினாலும், காலி செய் என்றால் செய்துதான் ஆக வேண்டும்.

ஃபால்குனி நாயரின் பாதை இங்கே யோசிக்க வைக்கிறது. கோட்டக் மஹிந்திராவில் முதலீட்டு வங்கியாளராக இருந்தவர், ஐம்பது வயதை நெருங்கும்போது வேலையை விட்டு 2012-ல் அழகுசாதனப் பொருள் விற்கும் நைக்காவைத் தொடங்கினார். எந்த நிறத் தோலுக்கு எது பொருந்தும், எதை எப்படிப் பூசுவது என்று கட்டுரையும் வீடியோவும் கொடுத்து வாடிக்கையாளரைச் சேர்த்தார். போலிச் சரக்கு பயமிருந்த சந்தையில் பொருளைத் தாமே கொள்முதல் செய்து வைத்து விற்றார். 2021 நவம்பரில் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. அவரிடம் முதலும் பெரிய தொடர்புகளும் இருந்தன, உண்மைதான். ஆனால் வாடிக்கையாளர் வந்து சேர்ந்த இடம் அவருடைய தளம், அவருடைய ஆப். அந்த ஏற்பாட்டைச் சின்ன அளவில் யாரும் செய்யலாம்.

என் தீர்ப்பு இதுதான். அன்று ஒரு பெண்ணுக்கு வாசல் குறுகலாக இருந்தது. இன்று வாசல் அகலம், உரிமைதான் பாதியில் நிற்கிறது. மீதிப் பாதியைச் சேர்த்துக்கொள்வது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

தொழில் செய்யும் பெண்கள் இந்த வாரத்திலேயே சிலவற்றைச் சரிபாருங்கள். இன்ஸ்டாகிராமும் விளம்பரக் கணக்கும் யாருடைய மெயிலில் திறந்திருக்கின்றன? ஏஜென்சி திறந்து கொடுத்திருந்தால் உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். நல்ல ஏஜென்சி மறுக்காது. இரட்டைச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். வாங்கியவர்களின் பெயரையும் எண்ணையும் அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டிலோ ஷீட்டிலோ தனியாக எழுதி வையுங்கள். கடைப் பெயரில் ஒரு டொமைன் வாங்குங்கள். வங்கிக் கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும். பிறகு சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் தொழிலைப் பதிவு செய்யுங்கள். ஆதாரும் பானும் போதும், அரசு அதற்கு ஒரு பைசா வாங்குவதில்லை.