வழக்கறிஞர் இன்றிச் சமரச மேசையில் அமரும்போது

சிறு தொகை வழக்குகளுக்கெனச் சில நாடுகளில் தனி நீதிமன்றங்கள் உள்ளன. சித்தூரிலோ திருப்பதியிலோ அத்தகைய பெயர்ப்பலகையைக் காண இயலாது. அப்பணியைப் பெரிதும் இங்கு ஆற்றுவது, 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்கீழ் நடைபெறும் மக்கள் நீதிமன்றமே. 'லோக் அதாலத்' என்றால் அனைவருக்கும் புரியும்.

கடன் தவணை நிலுவையில் உள்ள வாடிக்கையாளருக்கு, வழக்குத் தொடுப்பதற்கு முன்னரே இங்கிருந்து அறிவிப்பு வருவதுண்டு. அதைக் கண்டு கைது நடவடிக்கை என்று அஞ்சி ஊரை விட்டுச் சென்றவர்களும் உளர். உண்மையில் அது பேச்சுக்கான அழைப்பு மட்டுமே. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. உடன்பாடு ஏற்படாவிடில் அமர்வு தானாக எத்தீர்ப்பும் வழங்காது. ஏற்கெனவே நீதிமன்றத்தில் உள்ள வழக்கு இங்கு முடிந்தால், செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் கையொப்பமிட்ட பிறகு நிலைமை முற்றிலும் வேறு. அந்தத் தீர்வாணை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடு கிடையாது. மோசடி போன்ற மிக அரிய காரணங்களுக்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம் என்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே கவனம் முழுவதும் கையொப்பத்திற்கு முன்பே தேவை.

வங்கியின் சார்பில் அம்மேசையின் மறுபக்கம் பலமுறை அமர்ந்தவன் என்ற முறையில் ஒன்றைக் கூறுவேன். பங்காருபாளையம் பக்கத்து மா விவசாயி ஒருவர், நீதிபதியின் முன் மறுத்துப் பேசக் கூச்சப்பட்டு, மாதத் தவணைக்குச் சம்மதித்தார். அவர் கைக்குப் பணம் வருவதோ மா அறுவடைக்குப் பின்னர், ஆண்டுக்கு ஒரு முறை. மூன்றாம் தவணை தவறியது. 'ஒரு தவணை தவறினும் முழுத் தொகையும் உடனே செலுத்தத்தக்கது' என்ற வாசகம் ஆணையில் இருந்தது. பேசிப் பெற்ற தள்ளுபடி அத்துடன் போயிற்று. அறுவடைக்குப் பின் இரு தவணைகள் எனக் கேட்டிருந்தால் நானே ஒப்புக்கொண்டிருப்பேன். கேட்கப்படாததை எதிர்த்தரப்பு தானாக முன்வந்து தருவதில்லை. அது எங்கள் குறை என்றும் கொள்ளலாம்.

எனவே வீட்டிலேயே கணக்கிட்டுச் செல்லுங்கள்: எவ்வளவு இயலும், எந்த மாதத்தில், எந்த வருவாயிலிருந்து. கிளையில் கணக்கு விவரப் பட்டியலை முன்கூட்டியே கேட்டு, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு எனப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சில் சலுகைக்கு இடமிருப்பது பெரும்பாலும் வட்டிப் பகுதியில்தான். அன்றே ஒரு பகுதியைச் செலுத்த இயலுமெனில் அதை முதலிலேயே கூறாமல், தொகை முடிவாகும் தறுவாயில் கூறுவது பயன் தரும். (இதை ஒரு வங்கி அலுவலர் எழுதலாமா என என் சக அலுவலர்கள் கேட்கக்கூடும்.)

தள்ளுபடி பெற்றுக் கடனை முடித்தால், கடன் தகவல் அறிக்கையில் 'முடிக்கப்பட்டது' என்பதற்குப் பதிலாகச் 'செட்டில்டு' என்று பதிவாகும். பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது இது தடையாகலாம். விரைவில் புதிய கடன் தேவைப்படுவோர், முழுத் தொகையையும் நீண்ட தவணைகளில் செலுத்த முயல்வதே நலம்.

கடை, காப்பீட்டு நிறுவனம் போன்றவற்றோடு எழும் தகராறுகளுக்கு நுகர்வோர் ஆணையம் உண்டு. செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரையெனில் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரு தரப்பும் எழுத்து மூலம் இசைந்தால் ஆணையம் சமரசத்திற்கு அனுப்பும்.

நம் மாவட்டங்களில் தமிழ் பேசுவோர்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆணை தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தொகை, தேதி, தவணை தவறினால் நேர்வது ஆகிய மூன்றையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அமர்வினர் மறுக்கமாட்டார்கள். துணை தேவையெனில் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணையத்தை அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இன்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

கடைசித் தவணையைச் செலுத்தியதும் நிலுவையின்மைச் சான்றைக் கேட்டுப் பெறுங்கள். அடமானப் பத்திரங்களை 30 நாட்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 5,000 இழப்பீடு. இந்த ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.