முன்கூட்டியே விண்ணப்பிக்கலாமா? கையொப்பமிடும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் இல்லங்களில் செப்டம்பர் மாதம் ஒரு கேள்வி எழுகிறது: கடும் போட்டி நிலவும் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாமா? இதில் இரு வகைகள் உள்ளன. அவற்றின் வேறுபாட்டை அறிந்த பின்னரே முடிவெடுத்தல் நலம்.

ஏர்லி ஆக்‌ஷன்

பெரும்பாலும் நவம்பர் மாதத் தொடக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இடம் கிடைத்தாலும் சேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. மே 1 வரை பிற கல்லூரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நமது நியூ ஜெர்சி மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இம்முறை உண்டு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆயினும் அவற்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்போர், பிற தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் அவ்வாறே விண்ணப்பிக்கக் கட்டுப்பாடு உண்டு.

ஏர்லி டிசிஷன்

கொலம்பியா, கார்னெல், பென்சில்வேனியா, டியூக் முதலிய பல்கலைக்கழகங்கள் இம்முறையைப் பின்பற்றுகின்றன. இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாகவும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவதாகவும் மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் ஆகிய மூவரும் கையொப்பமிடுகின்றனர். முடிவு டிசம்பர் நடுவில் வெளியாகும்.

இம்முறையில் சேர்க்கை விகிதம் கூடுதலாகத் தோன்றும். ஆனால், பல்கலைக்கழக அணிகளுக்கெனப் பயிற்றுநர்கள் முன்பே தெரிவு செய்த விளையாட்டு வீரர்களும் அக்கணக்கில் அடங்குவர். ஆகவே அவ்விகிதத்தை அப்படியே உங்கள் பிள்ளையின் வாய்ப்பாகக் கொள்ளலாகாது.

செலவைக் கணக்கிடுங்கள்

ஏர்லி டிசிஷனில் இடம் பெறுவோர், பல கல்லூரிகளின் நிதியுதவியை ஒப்பிடும் வாய்ப்பை இழக்கின்றனர். ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை வழங்குவதில்லை. குடும்பத்தின் பொருளாதாரத் தேவையை மட்டுமே கருதுகின்றன. பெற்றோர் இருவரும் ஊதியம் ஈட்டும் குடும்பங்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ மூலம் உங்கள் குடும்பம் செலுத்த வேண்டிய உத்தேசத் தொகையை முன்னரே அறியலாம். நிதியுதவிக்கு விண்ணப்பித்தும் போதிய உதவி கிடைக்காவிடில் மட்டும், சேர்க்கையை மறுக்க இடமுண்டு.

எச்-4 விசாவில் உள்ள மாணவர்களுக்குக் கூட்டரசின் நிதியுதவி கிடையாது. பெற்றோர் குடியுரிமை பெறாதவராயினும், இந்நாட்டில் பிறந்த பிள்ளைகள் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

கையொப்பமிடும் முன் மூன்று கேள்விகள்

1. வேறெந்தப் பல்கலைக்கழகத்தையும் விட இதையே பிள்ளை விரும்புகிறாரா?
2. கணக்கில் வந்த தொகையை நான்கு ஆண்டுகளும் செலுத்த இயலுமா?
3. பதினொன்றாம் வகுப்பு வரையிலான மதிப்பெண்களே போதுமான வலிமை உடையனவா?

மூன்றுக்கும் ‘ஆம்’ என்பதே விடையாயின் ஏர்லி டிசிஷன் பொருந்தும். ஒன்றில் ஐயம் இருப்பினும், கட்டாயமில்லாத முறையைத் தேர்வதே பாதுகாப்பானது. எவ்வாறாயினும், பிற விண்ணப்பங்களையும் ஆயத்தமாக வைத்திருங்கள். டிசம்பரில் இடம் கிடைக்கவில்லை எனத் தெரிந்த பின், ஜனவரித் தொடக்கத்துக்குள் அவற்றை எழுதி முடிக்கச் சில நாட்களே எஞ்சியிருக்கும்.